பதம் பார்த்து மடியுங்கள்
கூரைத் தகட்டு வேலை: வாசகர் கேள்வி – பதில்

கூரையின் ஓரங்களைக் கையால் மடிப்பது பற்றி எழுதியதும் நிறைய கடிதங்கள் வந்தன. அகன்ற தட்டைத் தாடை உள்ள மடிப்புக் குறடு, கடையில் ஹேண்ட் சீமர் என்று விற்பது, எந்தத் தகட்டை மடிக்கும், எதை மடிக்காது என்பதுதான் பலருக்கும் சந்தேகம். வேலைக்கு உதவும் கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: வீட்டை ஒட்டி ஒரு சிறிய சாய்ப்புக்குத் தகட்டுக் கூரை போடுகிறேன் ஐயா. ஓர மடிப்பையும் சுவரோரப் பட்டையையும் மடிப்புக் குறட்டால் நானே செய்யலாம் என்று ஆசை. எந்த உலோகம் வாங்கலாம்? எத்தனை கேஜ்?

பதில்: தகட்டின் தடிமனைக் குறிக்கும் கேஜ் எண்ணை முதலில் ஒதுக்கிவையுங்கள். அந்த எண் உலோகத்துக்கு உலோகம் மாறும். அமெரிக்க அளவில் 24 கேஜ் என்றால் வெறும் எஃகுத் தகட்டில் 0.61 மி.மீ., நாகம் (துத்தநாகம்) பூசிய தகட்டில் 0.70, அலுமினியத்தில் 0.51. பிரிட்டிஷ் கம்பி அளவை வைத்துப் பேசுபவருக்கு அதே 24 என்பது 0.56. மி.மீ. கணக்கில் கேட்டு வாங்குங்கள். மைக்ரோமீட்டர் கிடைத்தால் தகட்டின் ஓரத்தில் நீங்களே ஒருமுறை அளந்துவிடுங்கள்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மடிக்கத் தேவையான பலம் தடிமனின் வர்க்கப்படி ஏறும். 0.5 மி.மீ. தகட்டை மடிப்பதைவிட அதே ரகத்தில் 0.7 மி.மீ. மடிக்க ஏறக்குறைய இரு மடங்கு பலம் வேண்டும். 1 மி.மீ. என்றால் நான்கு மடங்கு. பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி மெல்லிய தகடாகத்தான் தெரியும். மணிக்கட்டுக்குத்தான் வித்தியாசம் புரியும்.

நான் கையால் மடிக்க எடுக்கும் அளவுகளைச் சொல்கிறேன். நாகம் பூசிய மென் எஃகு என்றால் 0.4 முதல் 0.6 வரை நிம்மதியாக மடியும். 0.7 கூட மடியும், ஆனால் மூலை, முனை போன்ற குட்டையான மடிப்புகளோடு நிறுத்திக்கொள்வேன். செம்பு 0.55 முதல் 0.7 வரை. கூரைக்கான துத்தநாகத் தகடு பெரும்பாலும் 0.7. அலுமினியத்தில் 0.9 வரைகூடப் போகலாம். எவர்சில்வர் 0.4 அல்லது 0.5, அதற்கு மேல் வேண்டாம். குறட்டோடு வரும் தாளில் ஓர் உச்ச அளவு போட்டிருப்பார்கள். அது பொதுவாக மென் எஃகுக்கானது. எவர்சில்வருக்கு அதே எண்ணை எடுத்துக்கொண்டு குறட்டின் மூட்டு ஆணியைத் தளர்த்திவிடாதீர்கள்.

தடிமனுக்கு அடுத்தது பதம். ஒரே உலோகம், ஒரே தடிமன், ஆனாலும் ஒன்று கைக்கு அடங்கும், இன்னொன்று வெடிக்கும். உருளையில் அழுத்தி அழுத்தித் தயாரித்த தகடு முறுக்கேறி விறைத்திருக்கும். பிறகு சூடேற்றி இளக்கிய தகடு சொன்னபடி கேட்கும். அலுமினியத்தில் இது எழுத்திலேயே வரும்: ஓ என்றால் முழு மென்மை, எச்14 என்றால் அரைக் கடினம், எச்18 என்றால் முழுக் கடினம். கூரை வேலைக்கு 3003 அல்லது 3105 ரகத்தில் எச்14 பதம் நன்றாக நிற்கும், நன்றாகவும் மடியும். 6061 ரகம் டி6 பதத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். அது சட்டம், தாங்கி போன்றவற்றுக்கான சரக்கு. கூர்மையாக மடித்தால் மடிப்புக் கோட்டிலேயே பிளந்துவிடும்.

வாங்குமுன் ஒரு துண்டு கேளுங்கள். விரல் நீளத்துக்கு இரண்டு பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். தகடு உருட்டப்பட்ட திசைக்குக் குறுக்கே மடிப்பு விழும்படி ஒன்று, அந்தத் திசையோடேயே மடிப்பு விழும்படி இன்னொன்று. இரண்டையும் குறட்டால் 90 பாகைக்கு மடித்து, பிறகு முழுக்க மடித்து ஒட்ட அழுத்துங்கள். மடிப்பின் வெளிமுகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால், குறிப்பாகத் திசையோடு மடித்த பட்டையில் இருந்தால், அந்தத் தகடு உங்களுக்கு ஆகாது. எந்தச் சான்றிதழையும்விட நான் இந்தப் பட்டையைத்தான் நம்புகிறேன்.

முதல்முறை செய்பவர் என்பதால் என் யோசனை: 0.7 மி.மீ. அலுமினியம், எச்14 பதம். ஒரு சதுர மீட்டர் 1.9 கிலோதான் வரும். தனி ஆளாகத் தூக்கிப் பிடித்து மடிக்கலாம். எஃகுதான் வேண்டும் என்றால் 0.5 மி.மீ. மென் ரகம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மீட்டர் நீளப் பட்டையைக் குறட்டால் மடிக்கக் கிளம்பாதீர்கள். நீள மடிப்பை பெண்டிங் மிஷின் உள்ள பட்டறையில் போட்டு வாங்கிவாருங்கள். முனையைத் திருப்புவது, மூலையை மூடுவது, குழாயைச் சுற்றி ஓரம் எழுப்புவது, மிஷின் எட்டாத இடத்தில் பூட்டு மடிப்பை, அதாவது இரண்டு தகட்டு ஓரங்களை ஒன்றோடொன்று கோத்த மடிப்பை, சாத்துவது, இவைதான் குறட்டின் வேலை.

கேள்வி: கூரைக்குப் போட்ட மடிப்பலைத் தகட்டில் மீந்த துண்டை வைத்து ஓரப்பட்டை செய்யப் பார்த்தேன். 0.45 மி.மீ. தான். ஆனாலும் குறட்டுக்கு அடங்காமல் திமிறுகிறது. அழுத்தி மடித்தால் மடிப்பில் பூச்சு வெடிக்கிறது. குறடு சரியில்லையா?

பதில்: குறட்டின் மேல் தப்பில்லை. உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஜி550 ரக எஃகு. 550 மெகாபாஸ்கல் அழுத்தம் வரை வளைந்து கொடுக்காமல் நிற்கும் என்பது அந்த எண்ணின் பொருள். மெல்லிய தகடு ஆள் மிதித்தாலும் தாங்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். மிஷின் உருளைகளில் பெரிய வளைவுகளாக வடிவெடுக்க அது போதும். தட்டையாக ஒட்டி மடிப்பதற்கு அது பிறக்கவில்லை. பட்டைகளுக்கு ஜி300 அல்லது அதைவிட மென்மையான ரகத்தைத் தனியாகக் கேளுங்கள். நிறம் ஒன்றாக இருக்கட்டும், ரகம் வேறாக இருக்கட்டும்.

பூச்சு பற்றிக் கவலைப்படுகிறீர்கள், அது நியாயம். இசட்275 என்று எழுதிய தகட்டில் இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகம் இருக்கும். ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான். கால்வால்யூம் வகையில் 55 சதவீதம் அலுமினியம், மீதி பெரும்பகுதி துத்தநாகம், கொஞ்சம் சிலிக்கான். இந்த இரண்டாம் வகைப் பூச்சு மடிப்பில் சீக்கிரம் மயிர்க்கோடு விடும். எஃகு மென்மையாக இருந்தாலும், கத்தி மாதிரி கூரிய மடிப்பு வேண்டாம். மடிப்புக்குள் அதே தகட்டின் துண்டு ஒன்றை வைத்துச் சாத்தி, பிறகு துண்டை உருவிவிடுங்கள். உள்ளே சிறு வளைவு மிஞ்சும். வெளிமுகத்தில் இழுப்பு குறையும்.

வெட்டுவதற்குத் தகரக் கத்தரி மட்டும். கிரைண்டர் வட்டைத் தொடாதீர்கள். அது வெட்டும் கோட்டில் பூச்சை எரித்துவிடும். பறக்கும் சூடான பொடி தகட்டில் ஒட்டி, ஒரு மழையிலேயே துருப்புள்ளியாகும். கால்வால்யூமிலும் அலுமினியத்திலும் கரிப் பென்சிலால் கோடு போடக்கூடாது. பென்சில் கரி ஈரத்தில் அந்த உலோகங்களை அரிக்கும். மார்க்கர் பேனா போதும்.

கேள்வி: செம்புத் தகட்டில் மூலை மடிக்கும்போது முதல் மடிப்பு வெண்ணெய் மாதிரி வருகிறது. அளவு பிசகி, விரித்து மறுபடி மடித்தால் கல்லாகிவிடுகிறது. சில இடங்களில் கிழிந்தும் போனது. மட்டமான செம்பா?

பதில்: செம்பு நல்ல செம்புதான். வளைக்க வளைக்க இறுகுவது அதன் குணம். ஒரே கோட்டில் மடித்து, விரித்து, மறுபடி மடித்தால் அந்தக் கோடு மட்டும் கடினமாகி, மூன்றாவது நான்காவது தடவையில் பிளக்கும். எல்லா உலோகத்திலும் இது உண்டு. ஆனால் செம்பில் ஒரு வசதி: சூடு காட்டினால் இறுக்கம் போய்விடும். மடிப்பிடத்தை மங்கலான சிவப்பு தெரியும்வரை வாயு விளக்கில் சூடாக்கி ஆறவிடுங்கள். தண்ணீரில் தோய்த்தும் ஆற்றலாம். எஃகைப் போல அதனால் கடினப்பட்டுவிடாது. பிறகு புதுத் தகடு மாதிரி மடியும். கூரைமேல் வைத்து இதைச் செய்யாதீர்கள். கீழே மரமும் நாரும் இருக்கும். துண்டைத் தரைக்குக் கொண்டுவந்து, எரியக்கூடியது எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள்.

இந்தச் சூட்டு வைத்தியத்தை நாகம் பூசிய தகட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். துத்தநாகம் 420 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். பூச்சு போய்விடும், மேலும் சூடேறினால் வெள்ளைப் புகை கிளம்பும். அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். தகட்டு வேலைக்காரர்கள் பலருக்கு அந்த அனுபவம் உண்டு, உங்களுக்கு வேண்டாம்.

செம்பு வாங்கும்போது இன்னொரு விஷயம். முழு மென்பதச் செம்பு மடிக்கச் சுகம், ஆனால் பரந்த பரப்பில் காலடி பட்டாலும் பள்ளம் விழும். கூரைப் பரப்புக்கு லேசாக விறைத்த பதம், நுணுக்கமான மூலைகளுக்கு மென்பதம் என்று பிரித்து வாங்குவது எனக்குப் பிடித்த வழி.

கேள்வி: துத்தநாகத் தகடு நன்றாக மடியும் என்று சொல்லி வாங்கினேன். ஒரு நாள் மதியம் பிரமாதமாக மடிந்தது. மறுநாள் விடியற்காலைக் குளிரில் அதே தகடு, அதே குறடு, மடிப்பில் பொரிந்துவிட்டது. எப்படி?

பதில்: நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள்: குளிர். துத்தநாகம் குளிரில் நொறுங்கும் சுபாவம் உள்ளது. இன்று கூரைக்கு வருவது செம்பும் டைட்டானியமும் சிறிதளவு கலந்த துத்தநாகம். பழைய சுத்தத் துத்தநாகத்தைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் தகட்டின் சூடு 10 பாகை செல்சியஸுக்குக் கீழே இருந்தால் மடிக்கக்கூடாது. கவனியுங்கள், காற்றின் சூடு இல்லை, தகட்டின் சூடு. இரவெல்லாம் வெளியே கிடந்த தகடு வெயில் ஏறிய பிறகும் சில்லென்றுதான் இருக்கும்.

குளிர்ந்த நாளில் வேலை நிற்கக்கூடாது என்றால், மடிப்புக் கோட்டைச் சூடான காற்று ஊதும் துப்பாக்கியால் தடவிக் கொடுங்கள். கையால் தொட்டால் இதமான சூடு இருந்தால் போதும். நேரடித் தீ வேண்டாம். கூரிய மடிப்பும் இதற்கு ஆகாது. தாடை விளிம்பு கொஞ்சம் உருண்டையாக இருக்கும் குறடு துத்தநாகத்துக்கென்றே விற்கிறார்கள். புதுக் குறட்டின் விளிம்பு கூராக இருந்தால், நுண் அரத்தால் லேசாக மழித்துக்கொள்ளுங்கள். கோடு போட ஊசி, ஆணி எதையும் பயன்படுத்தாதீர்கள். அந்தக் கீறலில்தான் வெடிப்பு தொடங்கும். இங்கே மென்மையான பென்சில் போதும்.

பொரிந்த மடிப்பை ஈயப்பற்று வைத்து மூடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஓரப்பட்டையில் அப்படி ஒட்டுப் போடாதீர்கள்; வெயிலில் தகடு நீளும், இரவில் சுருங்கும், அந்த இடம் மறுபடி திறக்கும். அந்தத் துண்டை மாற்றிவிடுவதே நல்லது.

கேள்வி: கடலோரம் என்பதால் எவர்சில்வர் தகடு போடச் சொல்கிறார்கள். குறட்டால் மடியுமா?

பதில்: 0.4 அல்லது 0.5 மி.மீ. மென்பதம் என்றால் மடியும், ஆனால் கை வலிக்கும். மடித்துவிட்டால் கொஞ்சம் விரிந்து எழும், அதனால் வேண்டிய கோணத்தைத் தாண்டி மடிக்க வேண்டும். உப்புக் காற்றுக்கு 304 ரகத்தைவிட 316 மேல். எஃகுத் தகட்டில் பயன்படுத்திய குறட்டை அப்படியே எடுக்காதீர்கள். தாடையில் ஒட்டிய இரும்புத் துகள் எவர்சில்வரில் பதிந்து துருக் கறையாக வரும். எவர்சில்வருக்குத் தனிக் குறடு வைத்துக்கொள்வது வீண்செலவு இல்லை.

கேள்வி: ஈயத் தகட்டுக்கு?

பதில்: குறடே வேண்டாம். 1.8 மி.மீ. ஈயம்கூடக் கையாலும் மரச்சுத்தியாலும் தட்டிப் படியும். குறடு வைத்தால் தாடை தடம் விழுந்து அந்த இடம் மெலியும். வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு. குடிக்க மழைநீர் சேகரிக்கும் கூரையில் ஈயத்தைப் போடவே போடாதீர்கள்.

கேள்வி: ஐயா, நான் மடிக்கும் ஓரம் எப்போதும் அலை அலையாக வருகிறது. மிஷினில் வருவது போன்ற நேர்க்கோடு குறட்டில் சாத்தியமா?

பதில்: சாத்தியம், அவசரப்படாவிட்டால். அலை எப்படி வருகிறது என்று முதலில் பாருங்கள். ஓர் இடத்தில் குறட்டை வைத்து ஒரே மூச்சில் 90 பாகைக்கு நிமிர்த்துகிறீர்கள். பக்கத்து இடம் இன்னும் தட்டையாகவே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள ஓரம் இழுபடுகிறது, நீண்டுவிடுகிறது. நீண்ட ஓரம் பிறகு எங்கே போகும்? நெளியும். நீண்டதைச் சுருக்கக் குறட்டால் முடியாது.

அதனால் முழு நீளத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்புங்கள். முதல் சுற்றில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை 30 பாகை போல. அடுத்த சுற்றில் 60. மூன்றாவதில் 90ஐச் சற்றே தாண்டி. விட்டதும் தகடு தானாக 90க்கு வந்து நிற்கும். குறட்டை நகர்த்தும்போது தாடையின் பாதி அகலம் முன்பு மடித்த இடத்தின் மேலேயே இருக்கட்டும். தாடை நுனி கோட்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பிடிக்கும் பாருங்கள். பல குறடுகளில் ஆழம் காட்டும் கோடுகள் தாடையிலேயே இருக்கும். ஓரத்துக்கு 10 முதல் 12 மி.மீ. வைத்தால் பிடிக்க வசதி, 6 மி.மீ. என்று கஞ்சத்தனம் செய்தால் குறடு வழுக்கும். தகட்டின் மற்ற பகுதியை ஒரு நேரான பலகைமேல் வைத்து, மேலே இன்னொரு பலகையால் அழுத்திப் பிடித்தால் கோடு தானாக நேராக வரும்.

வண்ணம் பூசிய தகடு என்றால் தாடையில் காகித ஒட்டுநாடா சுற்றிக்கொள்ளுங்கள். நாடா கிழிந்ததும் மாற்றுங்கள். தாடை விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். அந்தப் பிசிறு ஒவ்வொரு பிடியிலும் வண்ணத்தைக் கீறும்.

தாடை அகலம் எவ்வளவு என்று கேட்டிருந்தார் இன்னொரு வாசகி. ஒரே ஒரு குறடு வாங்குவதானால் 80 மி.மீ. அளவில், நேரான கைப்பிடியோடு வாங்குங்கள். 150 மி.மீ. தாடை நேர்க்கோட்டுக்கு நல்லது, ஆனால் ஒரே பிடியில் அவ்வளவு அகலத்தை மடிக்கக் கையில் பலம் வேண்டும். சுவரோரம், மூலை என்று கை நுழையாத இடம் நிறைய இருந்தால், இரண்டாவதாகத் தாடை சாய்ந்த குறட்டை வாங்கலாம்.

கேள்வி: சுவரோரப் பட்டையைச் செம்பில் செய்தால் அழகாக இருக்கும் என்று நினைக்கிறேன். கீழே கூரையும் தண்ணீர்த் தொட்டியும் நாகம் பூசிய எஃகு. பூட்டு மடிப்பில் இரண்டையும் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்காதீர்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். செம்பும் துத்தநாகமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் துத்தநாகம் வேகமாகக் கரையும். பூட்டு மடிப்பு என்பது ஈரம் தங்கும் இடம், அங்கே இன்னும் மோசம். நடுவே நாடா வைத்துத் தொடாமல் பார்த்துக்கொண்டாலும் போதாது. செம்பின் மேல் ஓடிவரும் மழைநீரில் கொஞ்சம் செம்பு கரைந்திருக்கும். அந்த நீர் விழும் இடமெல்லாம் நாகப் பூச்சில் குழி விழும். அலுமினியத்துக்கும் இதே கதிதான். செம்பு மேலே இருந்தால் கீழே வழிநெடுகச் செம்போ எவர்சில்வரோதான் இருக்க வேண்டும். கால்வால்யூம் தகட்டுக்கு ஈயமும் ஆகாது. ஈரச் சிமெண்டுச் சாந்தும் அதற்கும் அலுமினியத்துக்கும் துத்தநாகத்துக்கும் பகை. சாந்து காயும்வரை பட்டையைச் சுவரில் செருகாதீர்கள்.

உங்கள் கூரைக்கு அதே நாகம் பூசிய எஃகிலேயே பட்டை செய்யுங்கள். செம்பு நிறம்தான் ஆசை என்றால் அந்த நிறம் பூசிய மென் எஃகுத் தகடு வாங்கலாம்.

மடிப்பைச் சாத்தும்போது ஒன்று. 3 மீட்டர் பட்டை 50 பாகை சூடு ஏறினால், எஃகு 1.8 மி.மீ. நீளும், செம்பு 2.5, துத்தநாகம் 3.3, அலுமினியம் 3.5. ஓரத்தில் கொக்கி மடிப்பைக் குறட்டால் நசுக்கி இறுக்கிவிட்டால் அந்த நீளம் போக இடமில்லாமல் தகடு நடுவில் புடைக்கும், வெயில் நேரத்தில் டப் டப் என்று சத்தம் கேட்கும். கொக்கியின் உள்ளே ஓர் இடைவெளி விட்டுச் சாத்துங்கள். சாத்திய பிறகு பட்டையைக் கையால் நீளவாக்கில் தள்ளிப் பாருங்கள்: லேசாக நகர வேண்டும், ஆனால் கொக்கியிலிருந்து கழன்று வரக்கூடாது.